பறிக்காமல் விட்ட தக்காளி

வணக்கம் ஐயா,

பி.ஏ. பொருளியல் முதலாண்டு படிக்கிறேன். ஊர் பாலக்கோடு பக்கம். அப்பா ஒன்றரை ஏக்கரில் தக்காளி போட்டிருந்தார். மூன்று பறிப்பு எடுத்தபின் விலை படுத்துவிட்டது, மிச்சத்தைப் பறிக்காமல் வயலை ஆட்டுக்கு விட்டுவிட்டார். அதே வாரம் வகுப்பில் ‘உற்பத்தியாளர் லாபத்தைப் பெருக்கவே முடிவெடுப்பார்’ என்று பாடம். நான் அப்பாவைப் பற்றிச் சொன்னதும் பக்கத்தில் இருந்தவள் ‘ரெண்டு ரூபாய்க்காவது வித்திருக்கலாமே’ என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நன்றாக விளைந்த வருஷத்தில்தான் நாங்கள் கடன்பட்டோம். இந்தப் படிப்பெல்லாம் எங்கள் மாதிரி ஆட்களுக்குப் பொருந்துமா?

செ.

அன்புள்ள செ.,

உங்கள் அப்பா சரியாகத்தான் செய்திருக்கிறார். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் கேள்வியைவிட அந்தச் சங்கடம்தான் அதிகம் தெரிகிறது.

சில வருடங்களுக்கு முன் ஒட்டன்சத்திரம் சந்தையில் ஒரு விடிகாலை நின்றிருந்தேன். ஒரு விவசாயி கொண்டுவந்த தக்காளிப் பெட்டிகள் பறிப்புக் கூலிக்குக்கூடக் காணாத விலைக்கு ஏலம் போயின. இந்த விலைக்கு ஏன் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பீடிக்கட்டு அட்டையின் பின்பக்கம் ஏதோ கூட்டிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: “பறிச்ச கூலி நேத்தே போச்சுங்க. திருப்பிக் கொண்டுபோனா வண்டிக்கு இன்னொரு வாடகை. கெடைக்கிறத வாங்கிட்டுப் போறேன். நாளைக்குப் பறிக்க மாட்டேன்.”

அந்த நாலு வாக்கியத்தில் உங்கள் புத்தகத்தின் இரண்டு அத்தியாயம் இருக்கிறது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். பெட்டி 14 கிலோ. சந்தையில் பெட்டி 40 ரூபாய், அதாவது கிலோ 3 ரூபாய்க்கும் குறைவு. பறிக்க 25, வண்டிக்கு 20, இறக்க 5, மண்டிக் கமிஷன் பத்து சதவீதம் என்றால் 4. மொத்தம் 54. வயல் வரப்பில் நின்று முடிவெடுக்கிறவருக்கு ஒவ்வொரு பெட்டி பறிக்கும்போதும் 14 ரூபாய் கையை விட்டுப் போகும். அதே பெட்டி சந்தை வாசலுக்கு வந்துவிட்டால்? பறிப்பும் வண்டியும் ஏற்கெனவே செலவாகிவிட்டன, இனிமேல் ஆகப்போவது 9 ரூபாய்தான், கைக்கு 31 ரூபாய் வரும். விற்றுவிட்டுப் போவதுதான் சரி. ஒரே பழம், ஒரே விலை, நிற்கிற இடம் மட்டும் வேறு, முடிவும் வேறு. சந்தை வாசலில் தக்காளியைக் கொட்டிவிட்டுப் போகும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே விலை அந்த 9 ரூபாயைக்கூடத் தொடவில்லை, காலிப் பெட்டியாவது மிஞ்சட்டும் என்கிற நிலை.

உங்கள் தோழி கேட்டதற்கு இதுதான் பதில். அவள் சொன்ன ரெண்டு ரூபாய் இருக்கிறது, ஆனால் அதை எடுக்கக் கிலோவுக்கு மூன்றே முக்கால் ரூபாய் செலவாகும். நாற்று, உரம், மருந்து, குச்சி நட்டுக் கட்டியது என்று முன்னால் போட்ட பணம் இந்தக் கணக்கில் எங்கும் வராததைக் கவனியுங்கள். பறித்தாலும் பறிக்காவிட்டாலும் அது திரும்பாது. போட்ட காசை நினைத்து மேலும் மேலும் பறிக்கிறவர்தான் கூடுதலாக நஷ்டப்படுவார். கண்ணெதிரே பழுத்துக் கிடக்கிறதை விட்டுவிட எவ்வளவு மனத்திடம் வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ‘கூலிக்கு ஆள் விடாமல் வீட்டு ஆளே பறித்தால் செலவில்லையே’ என்பார்கள். அம்மா அன்றைக்குப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தால் கிடைத்திருக்கும் கூலிதான் அந்தப் பறிப்பின் செலவு. வாய்ப்புச் செலவு என்று உங்கள் புத்தகம் சொல்வது இதைத்தான். ‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்ற பழமொழியை வைத்துக்கொண்டு விவசாயி கணக்குப் பார்ப்பதில்லை என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். அந்த பீடிக்கட்டு அட்டையை நான் பார்த்திருக்கிறேன்.

சரி, இப்போது உங்கள் கடைசிக்கு முந்தைய வரிக்கு வருகிறேன், கனமான கேள்வி அதுதான். நன்றாக விளைந்த வருஷத்தில் ஏன் கடன்?

ரசத்துக்கு நம் வீடுகளில் இரண்டு தக்காளி போடுவோம். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி ஏறி, ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு அரசு விற்றபோதும் ஒன்றாவது போட்டோம், புளியைக் கூடக் கரைத்துக்கொண்டோம். 10 ரூபாய்க்கு விற்றால் பத்துத் தக்காளி போட்டு யாரும் ரசம் வைப்பதில்லை, மிஞ்சிப்போனால் ஒருநாள் தொக்கு கிண்டுவோம். விலை எவ்வளவு ஆடினாலும் வாங்குகிற அளவு அவ்வளவாக ஆடாது. நெகிழ்ச்சி குறைந்த தேவை என்பது இதுதான். பழமோ நாலைந்து நாளுக்கு மேல் தாங்காது. ஆகவே கொஞ்சம் கூடுதலாக வந்தாலும் அதை விற்றுத் தீர்க்க விலை தலைகுப்புற விழவேண்டியிருக்கிறது. சென்னைக்கு லாரி வாடகை, அழுகல், கடைச் செலவு எதுவும் குறைவதில்லை. அதனால் கடையில் 20 ரூபாய் 18 ஆவது தோட்டத்தில் 3 ரூபாய் 1 ஆவதாக வந்து விழும்.

இது பழைய விஷயம். 1699இல் இங்கிலாந்தில் சார்லஸ் டேவனன்ட் என்ற பொருளியல் எழுத்தாளர் ஒரு கோதுமைக் கணக்கை அச்சிட்டார், அவர் காலத்துப் புள்ளிவிவரக்காரர் கிரிகரி கிங் பெயரில் அது வழங்குகிறது. விளைச்சல் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும், பாதி குறைந்தால் வழக்கமான விலைக்கு மேல் நாலரை மடங்கு ஏறும் என்று. பெருக்கிப் பாருங்கள்: விலை மொத்தம் ஐந்தரை மடங்கு, ஆகவே பாதி விளைச்சலுக்கு ஊர் மொத்தத்துக்கும் வருவது இரண்டே முக்கால் மடங்கு பணம். திருப்பிப் படித்தால் உங்கள் வீட்டுக் கதை. எல்லாருக்கும் நன்றாக விளைந்தால் எல்லாருக்கும் நஷ்டம். அதற்காக உங்கள் அப்பா மட்டும் குறைவாகப் பயிரிட்டால் விலை ஒரு பைசா ஏறாது, அவருக்கு வரவுதான் குறையும். தனி ஆளுக்குச் சரியான முடிவு, பாலக்கோடு, ராயக்கோட்டை, கோலார், மதனப்பள்ளி என்று தக்காளி விளைகிற எல்லா ஊரும் சேர்ந்து எடுக்கும்போது எல்லாரையும் சாய்க்கிறது.

புத்தகத்தின் மேல் எனக்கும் ஒரு கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். தேவைக்கு ஒன்று, அளிப்புக்கு ஒன்று என்று அந்த இரண்டு கோடுகளும் ஒரே நேரத்தில் வெட்டிக்கொள்வதுபோல வரைகிறார்கள். தக்காளியில் அப்படி நடப்பதில்லை. நாற்று நட்டு முதல் பறிப்புக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஜூலை விலையைப் பார்த்து நட்டது செப்டம்பரில், அக்டோபரில் ஒன்றாகச் சந்தைக்கு வரும். 2023லேயே அப்படித்தான் ஆனது, நூறு ரூபாய் பார்த்த சில மாதத்தில் ஆந்திராவில் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். அப்புறம் வெறுத்துப்போய் நடாமல் விடுவார்கள், மறுபடி விலை ஏறும். கோட்டுப் படத்தில் இந்த ஆட்டம் வலை பின்னுவது போல் சுற்றிச் சுற்றி வருவதால் 1934இல் நிக்கோலஸ் கால்டர் என்ற பொருளியல் அறிஞர் இதற்குச் சிலந்தி வலை என்று பெயர் வைத்தார். உங்கள் பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் தேடிப் படியுங்கள்.

அப்படியானால் நடுகிற அன்று இன்றைய விலையைப் பார்ப்பது தப்பா? வேறு எதைப் பார்ப்பார்? அவர் கையில் இருக்கிற ஒரே தகவல் அதுதான். எனக்கு நெடுநாளாக ஓர் ஆதங்கம் உண்டு. இன்றைக்குப் பெரும்பாலானவர்கள் நாற்றை நாற்றுப்பண்ணையில்தான் வாங்குகிறார்கள். ஒவ்வொரு வட்டாரத்திலும் இந்த வாரம் எத்தனை தக்காளி நாற்று விற்றது என்ற ஒரே ஓர் எண்ணைத் திரட்டி ஊருக்குச் சொன்னால், இரண்டு மாதம் கழித்து வரப்போவது இன்றைக்கே தெரியும். பாதிப் பேராவது கத்தரியோ பீன்ஸோ போடுவார்கள். குளிர்கிடங்கு கட்டுவதைவிட எவ்வளவோ குறைந்த செலவு.

எனக்கு ஓர் உதவி செய்யுங்கள். வயலை ஆட்டுக்கு விட்ட அன்று பெட்டி விலை என்ன, பறிப்புக் கூலி என்ன, வண்டி என்ன என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள். எத்தனை ரூபாய்க்குக் கீழே போனபோது ‘போதும்’ என்று முடிவு செய்தார் என்பதையும் கேளுங்கள். அதைத் துல்லியமாகச் சொல்வார். அந்தத் தாளை வகுப்புக்கும் கொண்டுபோங்கள், உங்கள் தோழியிடம் முதலில் காட்டுங்கள்.