மேஸ்திரி ஊற்றும் அந்தக் கால் பக்கெட் தண்ணீர்

கேள்வி: மாடித் தளம் போடும் நாள் சரியாகக் கத்திரி வெயிலில் வந்து நிற்கிறது. போடலாமா, தள்ளி வைக்கலாமா? – வாசகி, காட்பாடி

பதில்: போடலாம். ஆனால் காலையில் பூஜையை முடித்துவிட்டு உச்சி வெயிலில் மிஷினை ஓட்டுவதாக இருந்தால் வேண்டாம். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்து, லைட் கட்டி இரவில் முடியுங்கள். கூலி கொஞ்சம் கூடும். கொடுங்கள்.

மே மாத மத்தியானத்தில் ஜல்லிக் குவியலுக்குள் கையை வைத்துப் பாருங்கள், சுடும். அந்தச் சூட்டோடு சேர்ந்தால் கலவை சீக்கிரம் இறுகும். கீழே தளதளவென்று இருந்தது, மேலே போய்க் கொட்டுவதற்குள் கெட்டிப்பட்டுவிடும். உடனே ‘தண்ணி விடுப்பா’ என்று மேலிருந்து குரல் வரும். வெயிலைவிட, அந்தக் குரலுக்காக ஊற்றும் தண்ணீர்தான் தளத்தை அதிகம் கெடுக்கிறது.

கொட்டும்போது கலவையின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பது விதி. அதனால் முந்தின நாளே ஜல்லியைக் கீற்றுப் போட்டு மூடி, தண்ணீர் தெளித்து வையுங்கள். மொட்டை வெயிலில் கறுப்பு டேங்கில் காய்ந்த தண்ணீரைக் கலவைக்கு எடுக்காதீர்கள்.

மட்டப்பலகை இழுத்து முடித்ததும் தளத்தின் மேல் ஈரம் மினுமினுவென்று தெரியும். காற்று பலமாக அடித்தால் அந்த மினுமினுப்பு சட்டென்று மறையும். கொஞ்ச நேரத்தில் முடி போல விரிசல்கள் ஓடத் தொடங்கும். கீழிருந்து ஊறி வரும் நீரைவிட மேலே ஆவியாகும் நீர் அதிகமானால் இப்படி ஆகும். கலவை இன்னும் இறுகாமல் இருந்தால் கரணையால் அழுத்தித் தேய்த்து மூடிவிடலாம். அப்புறம் உடனே பிளாஸ்டிக் ஷீட் விரியுங்கள்.

மறுநாள் காலை பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரக்குறியீடு ஐ.எஸ். 456 சொல்வது சாதா சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், வறண்ட வெயில் காலத்தில் 10 நாள். இப்போது வீடுகளுக்குப் பெரும்பாலும் வாங்குவது சாம்பல் கலந்த பி.பி.சி. அதற்கு இந்த வெயிலில் 14 நாள். மூன்றாம் நாளே பாத்தி காய்ந்து கிடக்கும் தளங்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஆறுவதில்லை. அவ்வளவு பணம் போட்டுவிட்டு, தண்ணீர் பாய்ச்ச ஆள் இல்லை என்கிறார்கள்.

கேள்வி: ஒரு மூட்டைக்கு எவ்வளவு தண்ணீர்? மேஸ்திரி ‘கண்ணளவு போதும் சார்’ என்கிறார். – வாசகர், திண்டுக்கல்

பதில்: போதாது. 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் எடையில் பாதி. சிமென்ட் வேதிவினைக்கு எடுத்துக்கொள்வது தன் எடையில் ஏறக்குறைய கால் பங்கு நீர்தான். மீதியில் பெரும்பகுதி, கலவை கம்பிகளுக்கு நடுவே இறங்குவதற்காகச் சேர்ப்பது. அது பின்னால் காய்ந்து போகும்போது கண்ணுக்குத் தெரியாத துளைகளை விட்டுப் போகும். மழைநீர், உப்பு, காற்று எல்லாம் உள்ளே நுழைய அதுதான் வழி.

இதில் ஒரு கால் பக்கெட், அதாவது 5 லிட்டர், கூடினால் என்ன ஆகும்? வலுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். தண்ணீருக்கும் சிமென்ட்டுக்கும் உள்ள இந்த விகிதம்தான் வலுவைத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்காவின் டஃப் ஆப்ராம்ஸ் 1918-இலேயே சோதித்து எழுதிவிட்டார்.

இன்னொன்று, மணலிலேயே தண்ணீர் இருக்கிறது. ஒரு மூட்டைக்கு ஏறக்குறைய 80 கிலோ மணல் போகிறது. மழையில் நனைந்து 5 சதவீதம் ஈரம் இருந்தால் அதுவே 4 லிட்டர். அன்றைக்கு 21 லிட்டர்தான் ஊற்ற வேண்டும். நான் பார்த்த சைட்டுகளில் மிஷின் பக்கத்தில் அளவுக் கேன் ஒன்றை வைத்து, அதில்லாமல் ஊற்றக் கூடாது என்று சொல்லிவிடுவேன். கலவை இளக வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர் கெமிக்கல் கிடைக்கிறது. டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டாமல் சேருங்கள்.

கேள்வி: கடற்கரையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் வீடு. பதினைந்து வருஷம்கூட ஆகவில்லை, சன்ஷேடும் கூரையும் பெயர்ந்து துருக்கம்பி தெரிகிறது. கூடுதலாக ஓர் அறை எடுக்க வேண்டும். சல்பேட் ரெசிஸ்டிங் சிமென்ட் வாங்கலாமா? – வாசகர், நாகப்பட்டினம்

பதில்: வேண்டாம். அந்த சிமென்ட் சல்பேட் மண்ணுக்கானது. உங்கள் எதிரி குளோரைடு, அதாவது கடல் உப்பு. சிமென்ட்டில் உள்ள ஒரு அலுமினேட் சேர்மம் குளோரைடைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். சல்பேட் தாங்கும் சிமென்ட்டில் அந்தச் சேர்மத்தையே குறைத்துவிடுகிறார்கள். பி.பி.சி. அல்லது இரும்பு உலைக் கசடு கலந்த பி.எஸ்.சி. வாங்குங்கள். நன்றாக நீர் பாய்ச்சினால் உப்பு எளிதில் புகாத அளவுக்கு அடர்த்தியாக இறுகும்.

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பியின் மேல் ஒரு மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கும். குளோரைடு வந்து அதைக் குத்திக் கிழித்துவிடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதனால் கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்த்துவிடும். உங்கள் சன்ஷேடில் நடந்தது இதுதான்.

புது அறைக்குக் குறைந்தது எம்30 தரக் கான்கிரீட், தண்ணீர்-சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகாமல், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடி நிற்கும் கான்கிரீட். கவர் பிளாக் வைத்துக் கம்பியைத் தூக்குங்கள். உடைந்த ஜல்லித் துண்டை முட்டுக் கொடுப்பதைப் பார்த்தால் வேலையை நிறுத்துங்கள். போர் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டினால் லாரித் தண்ணீர்தான். க்யூரிங்குக்கும், அதாவது பாத்தி கட்டி நனைப்பதற்கும், அந்த உப்புத் தண்ணீர் ஆகாது.

பழைய கூரையை மேலே சிமென்ட் பூசி மறைக்காதீர்கள். உள்ளே துரு வேலை செய்துகொண்டே இருக்கும், அடுத்த முறை பெரிய துண்டாக விழும். கம்பிக்குப் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, பிறகுதான் பழுது பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்க்கட்டும். அவர் வரும்வரை அந்தக் கூரைக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம்.

கேள்வி: எம்-சாண்டில் கட்டினால் வீடு நிற்குமா? – வாசகி, ஓசூர்

பதில்: தாராளமாக. எம்-சாண்ட் என்பது கல்லை உடைத்துச் செய்யும் மணல். ஜல்லி, மணலுக்கான ஐ.எஸ். 383 தரக்குறியீடே 2016-இல் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் கிரஷர் தூளை எம்-சாண்ட் என்று சொல்லி இறக்குகிறார்கள். தூள் கூடினால் கலவை தண்ணீர் அதிகமாகக் கேட்கும். லோடு வந்ததும் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேயுங்கள். மாவாக ஒட்டினால் இறக்கவிடாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.