மூன்றாம் நாள் வந்த வாட்ஸ்அப் பதில்தான் உங்கள் வழக்கு

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. விவாக்ஸ் மலேரியா என்று சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். 14 நாள் பிரைமாகுயின் மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது. போட்டோ எடுத்து டூட்டி டாக்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "தண்ணி நிறைய குடிக்கட்டும், மாத்திரையை நிறுத்த வேண்டாம்" என்று பதில் வந்தது. ஐந்தாம் நாள் மயங்கி விழுந்தான். வேறு மருத்துவமனையில் ஹீமோகுளோபின் 5 என்று சொல்லி ரத்தம் ஏற்றிக் காப்பாற்றினார்கள். ஜி6பிடி என்சைம் குறைபாடாக இருக்கும், அது உள்ளவர்களுக்கு இந்த மாத்திரை சிவப்பணுக்களை உடைக்கும் என்றார்கள். ஆனால் ரத்தம் ஏற்றிய பிறகு எடுத்த டெஸ்டில் நார்மல் என்று வந்தது. இதற்கிடையில் அம்மா சொல்கிறார், அவன் பிறந்தபோதே மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைத்து, சில மாத்திரை இவனுக்கு ஆகாது என்று சொன்னார்களாம். டெஸ்ட் எடுக்காமல் மாத்திரை கொடுத்த டாக்டர் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கிரிமினல் கேஸ் போட்டு, லைசன்ஸை ரத்து செய்து, ஒரு கோடி கேட்கலாமா?

பதில்: முகம் பார்க்காதது, லைசன்ஸ் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். "டெஸ்ட் எடுக்கவில்லை" என்பதையும் முதல் குற்றச்சாட்டாக வைக்காதீர்கள். நம் நாட்டில் 2013-இல் வந்த தேசிய மலேரியா சிகிச்சை வழிகாட்டுதல், ஜி6பிடி டெஸ்ட் பார்த்த பிறகுதான் பிரைமாகுயின் தர வேண்டும் என்று நிபந்தனை போடவில்லை. எதிர்த்தரப்பு அதைக் காட்டித் தப்பித்துவிடும். ஆனால் அதே வழிகாட்டுதல், சிறுநீர் கறுத்தால், கண் மஞ்சளானால், உதடு நீலம் பாரித்தால் மாத்திரையை உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் வரச் சொல்கிறது. கறுத்த சிறுநீரின் படத்தைப் பார்த்த பிறகும் நிறுத்த வேண்டாம் என்றார்களே, அதுதான் உங்கள் வழக்கு.

அதனால் அந்த போனைப் பத்திரமாக வையுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63-இன்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும். கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. வக்கீல் நோட்டீஸ் போவதற்கு முன்பே அது கையில் இருக்கட்டும்.

இனி, இந்த மாதிரி வழக்குகள் கவிழும் இடத்துக்கு வருகிறேன். உங்களிடம் இருக்கும் "நார்மல்" ரிப்போர்ட் அவர்களுக்குக் கிடைத்த ஆயுதம். சிவப்பணுக்கள் உடைந்து கொட்டும் நேரத்தில் என்சைம் குறைந்த பழைய அணுக்கள் போய்விடும். புதிதாக வரும் இளம் அணுக்களில் அது கூடுதலாக இருக்கும். போதாததற்கு அடுத்தவர் ரத்தமும் ஏறியிருக்கிறது. அந்த நேரத்து நார்மலுக்கு அர்த்தமே இல்லை. ஆனால் நீங்கள் புகார் கொடுக்கப் போகும் நுகர்வோர் ஆணையத்தில் அதை எடுத்துச் சொல்ல வேறொரு ரிப்போர்ட் வேண்டும். ரத்தம் ஏற்றி மூன்று மாதமாவது கழிந்த பிறகு, அளவு காட்டும் ஜி6பிடி டெஸ்டை நல்ல லேப்பில் எடுங்கள். ரத்தவியல் நிபுணர் ஒருவரின் எழுத்துப்பூர்வக் கருத்தும் வேண்டும். மலேரியாவும் சிவப்பணுக்களை உடைக்கும்; "நோயால் வந்தது, மாத்திரையால் அல்ல" என்றுதான் அவர்கள் வாதாடுவார்கள். இதைத் தயார் செய்யாமல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, பாதி வழியில் தவித்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம்: பிறந்தபோதே சில மாத்திரை ஆகாது என்றது. அட்மிஷன் படிவத்தில் "ஒவ்வாத மருந்து உண்டா" என்ற இடத்தில் "இல்லை" என்று யார் கையெழுத்துப் போட்டது? அந்தப் பழைய ஃபைல் வீட்டில் இருந்தால் கிழிக்காதீர்கள், உங்கள் வக்கீலிடமும் மறைக்காதீர்கள். குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால், உண்மையான புகார்கூட பொய்யாகத் தெரியும். நீங்களே முதலில் சொல்லிவிட்டால் நஷ்டஈடு குறையலாம். ஆனால் மூன்றாம் நாள் தவறு அழியாது. அம்மாவைத் திட்ட வேண்டாம். 24 வருஷத்துக்கு முன் ஒரு நர்ஸ் வாய் வார்த்தையாகச் சொன்னதை யார்தான் நினைவில் வைத்திருப்பார்?

கிரிமினல் கேஸ் வேண்டவே வேண்டாம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: மிக மோசமான அலட்சியம் தெரிய வேண்டும், சுதந்திரமான மருத்துவக் கருத்தும் வேண்டும். கவுன்சிலில் புகார் கொடுத்தால் ஒரு ரூபாய்கூட இழப்பீடு வராது. அங்கே போய்க் காத்திருக்கும்போதே நுகர்வோர் சட்டத்தின் இரண்டு ஆண்டு கெடு ஓடிப்போகும். மருத்துவமனை பெயரைப் போட்டு ஃபேஸ்புக்கில் எழுதவும் வேண்டாம். அவதூறு நோட்டீஸ் வந்தால் பேச்சுவார்த்தையில் உங்கள் கை தாழும்.

ஒரு கோடி கிடைக்காது. கடவுள் புண்ணியத்தில் தம்பி எழுந்து நடமாடுகிறார். இரண்டாவது மருத்துவமனைச் செலவு, இழந்த சம்பளம், பட்ட வேதனைக்கு ஒரு நியாயமான தொகை, இவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். நான் உங்கள் வக்கீலாக இருந்தால், வாட்ஸ்அப் பதிலையும் புது ரிப்போர்ட்டையும் இணைத்து ஒரே ஒரு நோட்டீஸ் அனுப்பி, சமரசத்துக்கு உட்காருவேன். புகார் தாக்கலான பிறகும் ஆணையமே சமரச மையத்துக்கு அனுப்ப முடியும். ஆனால் அந்த டெஸ்ட் ரிப்போர்ட் வருவதற்குள் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

அப்புறம், வழக்கைவிட அவசரமானது ஒன்று. தம்பியின் 14 நாள் கோர்ஸ் முடியவில்லை. விவாக்ஸ் ஈரலில் தங்கித் திரும்ப வரும். வாரம் ஒரு முறை என்று எட்டு வாரம் மேற்பார்வையில் பிரைமாகுயின் தரும் முறையை உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. குறைபாட்டின் அளவு தெரிந்த பிறகு அது இவருக்கு ஒத்துவருமா என்று நிபுணரிடம் கேளுங்கள். இந்தக் குறைபாடு தாய்வழியாக மகன்களுக்கு இறங்குவது. நீங்கள் அவருக்கு அக்கா என்றால் உங்கள் மகனுக்கும், அண்ணன் என்றால் உங்களுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.