வாசகர் கேள்வி: வீட்டில் செய்யும் அடைகாப்புப் பெட்டி

கே: 30 கோழி முட்டை வைக்கிற அளவுக்குத் தெர்மோகோல் பெட்டியில் இன்குபேட்டர் செய்ய நினைக்கிறேன். எல்.இ.டி. பல்பு போதுமா? வேறு என்ன வேண்டும்?

ப: எல்.இ.டி. வெளிச்சம்தான் தரும், போதிய சூடு தராது. குண்டு பல்புதான் வேண்டும். 25 வாட்டில் இரண்டு போடுங்கள். ஒன்று ஃபியூஸ் போனாலும் மற்றது கொஞ்ச நேரம் தாங்கும். பெட்டிச் சுவர் 25 மி.மீ. தடிமனாவது இருக்கட்டும். பல்பு ஹோல்டரைத் தெர்மோகோலில் பதித்தால் உருகிவிடும். மரப்பலகையில் திருகி, பல்பைச் சுற்றி 10 செ.மீ. இடம் விடுங்கள்.

டபிள்யூ1209 தெர்மோஸ்டாட் (வெப்பத்தைப் பார்த்து பல்பைத் தானே எரியவைத்து அணைக்கும் சிறு சர்க்யூட்), 12 வோல்ட் அடாப்டர், 12 வோல்ட் கம்ப்யூட்டர் ஃபேன் ஆகியவையும் தேவை. பல்புக்குப் போகும் ஃபேஸ் ஒயர் மட்டும் தெர்மோஸ்டாட்டில் உள்ள ரிலே (தானியங்கி சுவிட்ச்) வழியாகப் போகட்டும். ஃபேனை அடாப்டரில் நேராகக் கொடுங்கள். பலர் ஃபேனையும் ரிலேயில் சேர்த்துவிடுகிறார்கள். பல்பு அணையும்போது காற்றும் நின்று, மேலே சூடும் கீழே குளிர்ச்சியுமாகப் பிரிந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டின் பி0 அமைப்பில் 'எச்' (சூடாக்கு) இருக்கிறதா பாருங்கள். 'சி' (குளிர்வி) என்று இருந்தால் சூடு ஏறிய பிறகுதான் பல்பு எரியும், முட்டை வெந்துவிடும்! பல்பு அணைவதற்கும் மீண்டும் எரிவதற்கும் இடையிலான வெப்ப வித்தியாசமான பி1-ஐ 0.3 ஆகக் குறைத்து, வெப்பத்தை 37.5 டிகிரி செல்சியஸில் வையுங்கள். சென்சார் முட்டையின் மேல்மட்ட உயரத்தில், பல்பின் சூடு நேரே படாத இடத்தில் தொங்க வேண்டும். அந்தச் சென்சாரையும் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரையும் 38 டிகிரி வெந்நீரில் சேர்த்து வைத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு டிகிரி தப்பாகக் காட்டினாலே பொரிப்பு கெடும். 12 மி.மீ. துளைகள் கீழே நான்கு, மேலே நான்கு. 24 மணி நேரம் வெறும் பெட்டியாக ஓட்டிப் பார்த்த பிறகே அடை வையுங்கள்.

கே: குஞ்சு முழுசாக வளர்ந்தும் ஓட்டை உடைக்காமல் உள்ளேயே செத்துவிடுகிறது. வெப்பம் சரியாகத்தான் இருக்கிறது.

ப: அப்படியானால் முதலில் ஈரப்பதத்தைச் சந்தேகியுங்கள். பொரிக்காத முட்டையை உடைத்துப் பாருங்கள். குஞ்சு நீர் கோத்து வீங்கி, காற்றறை (முட்டையின் அகன்ற முனையில் உள்ள காற்று இடம்) சிறிதாக இருந்தால் முதல் 18 நாள் ஈரம் அதிகம். சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டியிருந்தால் கடைசி மூன்று நாள் ஈரம் போதவில்லை. அந்த நாட்களில் "வந்துவிட்டதா" என்று மூடியைத் திறந்து பார்ப்பதே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆசை புரிகிறது, ஆனால் ஒவ்வொரு திறப்புக்கும் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறிவிடும்.

18 நாள் வரை 45–50 சதவீதம், பிறகு 65–70. ஈரத்துக்கு வைக்கும் தட்டில் தண்ணீர் ஆழமாக இருந்து பயனில்லை, பரப்பு அகலமாக வேண்டும். கடைசி மூன்று நாளுக்கு இரண்டாவது தட்டு வையுங்கள். ஹைக்ரோமீட்டரை (ஈரப்பதம் காட்டும் கருவி) நம்புவதைவிடத் தராசை நம்பலாம். 50 கிராம் முட்டை 18ஆம் நாள் சுமார் 44 கிராமுக்கு வர வேண்டும். எடை இறங்கவில்லையா, தட்டைச் சிறிதாக்குங்கள்.

முட்டையைத் திருப்புவதையும் கவனியுங்கள். ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் வட்டம் போட்டு, நாளைக்கு 3 அல்லது 5 முறை. ஒற்றைப்படையாக இருந்தால்தான் நீண்ட இரவில் தினமும் ஒரே பக்கம் மேலே இருக்காது. 18ஆம் நாளோடு திருப்புவதை நிறுத்திவிடுங்கள்.

கே: மூன்று மணி நேரம் மின்சாரம் நின்றுபோனது. எல்லாம் கூமுட்டையா?

ப: இல்லை. கரு குளிர்ச்சியைத் தாங்கும், சூட்டைத்தான் தாங்காது. 40 டிகிரியைத் தாண்டினால் சில மணி நேரத்திலேயே ஆபத்து. அதனால் மின்சாரம் வந்ததும் ஈடுகட்டுகிறேன் என்று வெப்பத்தைக் கூட்டாதீர்கள். நின்ற நேரத்தில் கம்பளியால் மூடுங்கள். கடைசி வாரமாக இருந்தால் துளைகளை மட்டும் அடைக்காதீர்கள், வளர்ந்த குஞ்சுக்குக் காற்று அதிகம் வேண்டும். பொரிப்பு ஒரு நாள் தள்ளிப்போகலாம்.

கே: வாத்து முட்டையும் சேர்த்து வைக்கலாமா?

ப: நாட்டு வாத்துக்கு 28 நாள், கோழிக்கு 21. வாத்து முட்டையை ஏழு நாள் முன்பே வைத்தால் இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஈரத்தைக் கூட்டலாம். முஸ்கவி வாத்து 35 நாள் எடுக்கும், அதற்குத் தனிப் பெட்டிதான் நல்லது.