பேய் வந்தால் சிரிக்கிறார்கள்!

கேள்வி: கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். ஜப்பானியப் பேய்க்கதைகள் என்றால் எனக்குப் பைத்தியம். பதின்வயதினருக்காக ஒரு திகில் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஜப்பானில் மலையோரமாக ஒரு பள்ளி விடுதி, பின்னால் பாழுங்கிணறு, டிசம்பர் மாதப் பனி. கிணற்றிலிருந்து வெள்ளை உடையில், கூந்தல் முகத்தை மறைக்க ஒரு பெண் வெளியே வருகிறாள். முதல் அத்தியாயத்திலேயே வந்துவிடுகிறாள். ஐந்தாம் அத்தியாயத்துக்குள் நான்கு பேர் செத்துப்போகிறார்கள். படித்த தோழிகள் பயப்படவில்லை, சிரிக்கிறார்கள். பேசாமல் கதையை நம்மூருக்கே மாற்றிவிடட்டுமா? சின்னப் பிள்ளைகள் படிப்பார்கள் என்பதால் முடிவில் பேய்க்குச் சாந்தி கிடைத்தே ஆக வேண்டுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: தோழிகள் மேல் கோபப்படாதீர்கள். கிணற்றுப் பேயைப் பார்த்து ஜப்பான்காரர்களே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

உங்கள் கிணற்றுக்காரியின் பாட்டி யாரென்று தெரிந்திருக்கும். ஒகிகு. சாமுராய் வீட்டு வேலைக்காரப் பெண். பரம்பரைத் தட்டுகள் பத்தில் ஒன்றை எஜமானனே ஒளித்து வைத்துவிட்டு, 'நீதான் தொலைத்தாய், என் ஆசைக்கு இணங்கினால் விட்டுவிடுகிறேன்' என்கிறான். அவள் மறுக்கிறாள். வெட்டிக் கிணற்றில் போட்டுவிடுகிறான். அன்றிலிருந்து இரவானால் கிணற்றுக்குள்ளிருந்து எண்ணும் சத்தம். ஒன்று, இரண்டு... ஒன்பது வரை வந்ததும் ஓர் அலறல். இந்தக் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. ஹிமெஜி கோட்டையில் 'ஒகிகுவின் கிணறு' என்று ஒன்றை இன்றும் காட்டுகிறார்கள்.

ராகுகோ என்ற கதைசொல்லும் கலையில் இதே ஒகிகு வேறு மாதிரி வருகிறாள். ஒன்பதாவது எண்ணைக் கேட்டால் சாவு, அதற்குள் ஓடிவிட்டால் தப்பிக்கலாம். இது தெரிந்த வாலிபர்கள் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள். பேய் அழகாக இருக்கிறாளே என்று மறுநாளும் போகிறார்கள். கூட்டம் பெருகி, ஒருநாள் யாராலும் ஓட முடியாதபடி நெரிசல். அவளோ ஒன்பதைத் தாண்டிப் பதினெட்டு வரை எண்ணிவிடுகிறாள். ஏன் என்று கேட்டால், நாளைக்கு லீவு எடுக்கப் போகிறேன், அதற்கும் சேர்த்து எண்ணினேன் என்கிறாள்!

இரண்டிலும் அதே கிணறு, அதே தட்டு. ஒன்றில் குலை நடுங்குகிறது, மற்றதில் சிரிப்பு வருகிறது. முதல் கதையில் நமக்கு அவள்மேல் செய்யப்பட்ட அநியாயம் தெரியும். ராகுகோவில் அந்த வாலிபர்களுக்கு அவளோடு எந்த வழக்கும் இல்லை, வெறும் பார்வையாளர்கள். உங்கள் விடுதிப் பிள்ளைகளும் அப்படித்தான் இருக்கிறார்கள். பேய் வருகிறது, ஓடுகிறார்கள், சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். அவளுக்கும் இவர்களுக்கும் என்ன கணக்கு என்றே நீங்கள் சொல்லவில்லை. நான்கு சாவு போதவில்லை என்று எட்டாக்கினாலும் தோழிகள் இன்னும் சத்தமாகத்தான் சிரிப்பார்கள்.

அப்புறம், பேயை ஏன் இவ்வளவு அவசரமாகக் கூட்டி வருகிறீர்கள்? ஜப்பானின் மிகப் பிரபலமான பேய் நாடகம், ட்சுருயா நான்போகு எழுதி 1825-இல் 'எடோ' நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், அரங்கேறிய யோட்சுயா கதை. ஓயிவா பிள்ளை பெற்று நோயில் கிடக்கிறாள். அவள் கணவனைத் தங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கட்டிவைக்க நினைக்கும் பக்கத்து வீட்டார் 'மருந்து' கொடுத்து அனுப்புகிறார்கள். அவள் நன்றி சொல்லிவிட்டு அதைக் குடிக்கிறாள். குடிப்பது விஷம் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. முகம் உருகிச் சிதைகிறது. கண்ணாடியில் பார்க்கிறாள். பிறகு, அந்த வீட்டுக்குப் போய் 'நன்றி' சொல்லிவிட்டு வரலாம் என்று தலைவாரத் தொடங்குகிறாள். சீப்போடு கொத்துக் கொத்தாக முடி வருகிறது. நாடகத்தின் உச்சம் என்று எல்லோரும் சொல்லும் காட்சி இதுதான். இந்த இடத்தில் பேயே இல்லை, கவனியுங்கள். ஓயிவா இன்னும் உயிரோடுதான் இருக்கிறாள். இன்றைக்கும் இந்தக் கதையை எடுப்பவர்கள் முதலில் யோட்சுயாவில் அவள் பெயரிலுள்ள கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வருவது வழக்கம்.

எனவே முதல் ஐந்து அத்தியாயங்களைக் கிணற்றுக்காரி உயிரோடிருந்த நாட்களுக்குக் கொடுங்கள். அவளும் அதே விடுதியில் படித்த பெண்ணாக இருக்கட்டும். அவளைத் திருடி என்று சொன்னபோது, பொருள் எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் வாய் திறக்காத ஒரு பிள்ளைதான் உங்கள் கதாநாயகி. பதினைந்து வயதில் அடிபட்ட அனுபவத்தைவிட, அடிபட்டவளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்த அனுபவம்தான் நிறையப் பேருக்கு இருக்கும். படிக்கிற பிள்ளைக்கு அங்கேதான் வயிறு கலங்கும்.

ஊரை மாற்ற வேண்டாம். ஆனால் ஜப்பானில்தான் நடக்கிறது என்றால் அந்த ஊர் வாழ்க்கை கதையில் தெரிய வேண்டும். டிசம்பர் பனி எதற்கு? பனிப்பெண் கதைகள் தனி. மற்றபடி அங்கே பேய்க்கதைக்குக் கோடைதான் சீசன். இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் ஓபோன் பண்டிகை பல ஊர்களில் ஆகஸ்ட் நடுவில் வருகிறது, பள்ளிக்கும் அப்போது விடுமுறை. எல்லோரும் ஊருக்குப் போய்விட்ட விடுதியில் இரண்டு பேர் மட்டும், புழுக்கம், விடாமல் கத்தும் சிள்வண்டு. உங்கள் பனியைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது.

பள்ளிப் பேய்களுக்கே அங்கே ஒரு பரம்பரை உண்டு. மூன்றாம் மாடிக் கழிப்பறையில் மூன்றாவது கதவை மூன்று முறை தட்டி 'ஹனாகோ-சான், இருக்கிறாயா?' என்று கேட்டால் உள்ளேயிருந்து பதில் வரும் என்பது தலைமுறைகளாகப் பிள்ளைகள் சொல்லிவரும் கதை. அங்கே வகுப்பறையையும் பல பள்ளிகளில் கழிப்பறையையும் பிள்ளைகளே முறைவைத்துச் சுத்தம் செய்கிறார்கள். சாயங்காலம் வாளியும் துடைப்பமுமாக அந்தக் கதவுக்கு முன்னால் தனியாக நிற்க வேண்டிய முறை யாருக்காவது வந்தே தீரும். 1979-இல் வாய் கிழிந்த பெண்ணைப் பற்றிய வதந்தி பரவியபோது பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வீட்டுக்குப் போனார்கள். முகத்தை மூடிக்கொண்டு வந்து 'நான் அழகா?' என்று கேட்பாளாம். 'ஆம்' என்றாலும் ஆபத்து, 'இல்லை' என்றாலும் ஆபத்து. தலைக்குப் பூசும் 'பொமேட்' பெயரை மூன்று முறை சொன்னால் ஓடிவிடுவாள் என்று தப்பிக்கும் வழியையும் பிள்ளைகளே கண்டுபிடித்துக்கொண்டார்கள். உங்கள் பேய்க்கும் இப்படி ஒரே ஒரு விதி வையுங்கள். அதைப் பிள்ளைகள் வாயாலேயே, ஆளுக்கொரு விதமாக, சொல்ல வையுங்கள்.

சாந்தி விஷயம். கட்டாயமில்லை. ஒகிகு கதையின் ஒரு வடிவத்தில் யாரோ ஒருவர் ஒன்பதுக்குப் பின் 'பத்து!' என்று கத்த, அவள் அடங்கிவிடுகிறாள். அரண்மனைச் சதியால் நாடுகடத்தப்பட்டு 903-இல் இறந்த அறிஞர் சுகவாரா நோ மிச்சிசானே வேறு கதை. அவர் ஆவி பழிவாங்குகிறது என்று தலைநகரே நடுங்கியது. 930-இல் அரண்மனையில் இடி விழுந்ததும் அவர் வேலைதான் என்றார்கள். கடைசியில் கோயில் கட்டினார்கள். இப்போது மாணவர்கள் அவரிடம்தான் பரீட்சைக்கு வேண்டிக்கொள்கிறார்கள். ஆக, பேய் அடங்கலாம், சாமியாகலாம், அப்படியே கிணற்றில் இருந்தும் விடலாம். ஆனால் பூசாரி வந்து தீர்த்துவைக்கும் முடிவு மட்டும் வேண்டாம். அந்தப் 'பத்து' யார் வாயிலிருந்து வர வேண்டும்? வாய் மூடியிருந்த உங்கள் கதாநாயகியின் வாயிலிருந்துதான், அதுவும் விடுதியில் எல்லோருக்கும் கேட்கும்படி. அதற்கப்புறம் பேய் என்ன செய்கிறாள் என்பது உங்கள் விருப்பம்.

நான்கு சாவில் மூன்றை இப்போதே வெட்டிவிடுங்கள். மீதமுள்ள ஒன்று கிணற்றுக்காரியுடையதாக இருக்கட்டும்.