5.1 ஹோம் தியேட்டரில் (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) வெடிச்சத்தம் காதைப் பிளக்கிறது, வசனம் மட்டும் கேட்கவில்லை. எதைச் சரிபார்ப்பது?

வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரில்தான் வரும், அதனால் அங்கிருந்து ஆரம்பியுங்கள். ரிசீவர், அதாவது ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியின் மெனுவில் டெஸ்ட் டோன் இருக்கும். போட்டால் ஒவ்வொரு ஸ்பீக்கராக 'உஸ்ஸ்' என்று இரைச்சல் சுற்றி வரும். நடு ஸ்பீக்கரின் முறையில் அமைதி என்றால் பெரும்பாலும் ஒயர் கழன்றிருக்கும். அதன் முறையே வராமல் தாண்டிப் போனால், செட்டிங்கில் சென்டர் ஸ்பீக்கர் இல்லை என்று பதிவாகியிருக்கிறது.

இரைச்சல் எல்லாவற்றிலும் ஒழுங்காக வந்து, படம் போட்டால் மட்டும் நடுவும் பின்பக்கமும் ஊமையா? அப்படியானால் டிவியைச் சந்தேகப்படுங்கள். ஆடியோ அவுட்புட் பிசிஎம் (டிவியே ஒலியைப் பிரித்து அனுப்பும் முறை) என்றிருந்தால் பல டிவிகள் இடது, வலது என்று இரண்டு ஒலி சேனல்தான் அனுப்பும். பிட்ஸ்ட்ரீம் (ஒலியைப் பிரிக்காமல் ரிசீவருக்கே அனுப்பும் முறை) அல்லது ஆட்டோவுக்கு மாற்றிவிட்டு, ரிசீவர் டிஸ்ப்ளேயில் டால்பி டிஜிட்டல் என்ற ஒலி வடிவத்தின் பெயர் வருகிறதா பாருங்கள். படமே ஸ்டீரியோவில், அதாவது இரண்டே ஒலி சேனலில் இருந்தால் இது உதவாது.

எல்லாம் சரி, ஆனாலும் வசனம் அமுங்கியே இருக்கிறதென்றால் சென்டர் லெவலை 2, 3 டெசிபல் ஏற்றுங்கள். அலமாரிக்குள் ஆழமாகத் தள்ளி வைத்திருந்தால் விளிம்புவரை முன்னால் இழுத்து, காதை நோக்கிச் சாய்த்து வையுங்கள், பாதிப் பிரச்சினை அதிலேயே போய்விடும். அப்புறம், முன் ஸ்பீக்கர்களில் ஒன்றுக்கு மட்டும் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் பேஸ் மெலிந்து, சத்தம் எங்கிருந்து வருகிறதென்றே தெரியாது. பவரை அணைத்துவிட்டு ஒயரைத் தொடுங்கள். விலை உயர்ந்த கேபிள் வாங்குவதால் இதில் எதுவும் தீராது.