ஆய்வுக்கூடக் கேள்வி பதில்: குடுவைக்குள் டொலுயீன் எப்படி வந்தது?

கேள்வி: டைட்டானியம் டை ஆக்சைடு மேல் ஏற்றிய 1% தங்கம்-பல்லேடியம் நானோதுகள் (வினையூக்கி) 20 மி.கி., பென்சைல் ஆல்கஹால் 2 மி.லி.; கரைப்பான் சேர்ப்பதில்லை. 120 டிகிரியில் ஆக்சிஜன் கொடுத்துக் கலக்குகிறேன். பென்சால்டிஹைடு வருகிறது, ஆனால் கலவையைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. (வாயு நிறப்பகுப்பு) கருவியில் டொலுயீனும் நிறையத் தெரிகிறது. ஆல்கஹாலில் கலப்படமா?
– ஆய்வு மாணவி, காரைக்குடி

பதில்: கலப்படமில்லை, உங்கள் குடுவையிலேயே உண்டானதுதான். பல்லேடியத்தின் மேல் ஒரு ஆல்கஹால் மூலக்கூறு தன் ஹைட்ரஜனை இன்னொன்றுக்குக் கொடுத்தால், கொடுத்தது பென்சால்டிஹைடு ஆகும், வாங்கியது டொலுயீன் ஆகும், தண்ணீரும் வரும். இதற்கு ஆக்சிஜனே வேண்டாம். அதனால் டொலுயீன் கூடினால், துகளுக்கு ஆக்சிஜன் போய்ச் சேரவில்லையோ என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

கலக்கும் வேகத்தை நிமிடத்துக்கு 1000 சுற்றாவது வையுங்கள். பிறகு வினையூக்கியை 10, 20, 40 மி.கி. என்று மாற்றி, ஒவ்வொன்றிலும் அரை மணியில் மாதிரி எடுங்கள். 20-லிருந்து 40-க்குப் போகும்போது வேகம் இரட்டிக்காவிட்டால், சிக்கல் ஆக்சிஜன் கரைவதில். இரட்டித்தும் டொலுயீன் குறையவில்லையா? தாங்கியை, அதாவது உலோகத்தைச் சுமக்கும் டைட்டானியம் டை ஆக்சைடை, மாற்றுங்கள். இதே உலோகங்களை மெக்னீசியம் ஆக்சைடில் ஏற்றினால் டொலுயீன் வெகுவாகக் குறையும்.

ஓர் எச்சரிக்கை: டொலுயீன் 111 டிகிரியில் கொதிக்கும். அதன் ஆவியும் ஆக்சிஜனும் சேர்ந்த குடுவையில் ஆக்சிஜன் பலூனை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். புகை உறிஞ்சும் கூண்டுக்குள் (fume hood), தடுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் வையுங்கள்.

கேள்வி: ஒரே செய்முறைதான், தடவைக்கு ஒரு விளைச்சல். ஏன்?

பதில்: 20 மி.கி.யில் உலோகம் வெறும் 0.2 மி.கி. தங்கமும் பல்லேடியமும் எடையில் சரிபாதி என்றால், ஒரு உலோக அணுவுக்குச் சுமார் 13,000 ஆல்கஹால் மூலக்கூறுகள். தராசில் 1 மி.கி. தவறினாலே 5% போச்சு.

அதைவிடப் பெரிய தவறு கூழ்மம் (உலோக நானோதுகள் மிதக்கும் நீர்) தயாரிப்பதில் நடக்கும். உலோக உப்பை உலோகத் துகளாக்கும் சோடியம் போரோஹைட்ரைடு கரைசல் நேற்றுக் கரைத்ததாக இருந்தால் அதில் கணிசமான பகுதி நீரோடு வினைபுரிந்து வீணாகியிருக்கும், துகள் பெருத்துவிடும். அப்போதைக்கப்போது கரைத்து, உடனே ஊற்றுங்கள். கரும்பழுப்பு வந்ததும் கந்தக அமிலம் விட்டு பி.எச். 1-க்குக் கொண்டுவந்து தாங்கியைச் சேருங்கள். அமிலத்தில்தான் டைட்டானியம் டை ஆக்சைடின் மேற்பரப்பு நேர்மின் ஏற்றுத் துகளைப் பிடிக்கும். வடிநீர் தெளிவாக இருக்க வேண்டும். நிறம் இருந்தால் உங்கள் தங்கம் கழுநீர்த் தொட்டிக்குப் போகிறது. 110 டிகிரியில் உலர்த்தினால் போதும். 400-ல் சுட்டால் துகள்கள் ஒன்றோடொன்று கூடிப் பெருத்துவிடும்.

கேள்வி: பென்சால்டிஹைடு காற்றுப்பட்டாலே பென்சாயிக் அமிலம் ஆகிவிடுமே, 120 டிகிரி ஆக்சிஜனில் எப்படித் தப்புகிறது?

பதில்: நல்ல கேள்வி. பழைய பாட்டிலின் மூடியோரம் வெள்ளையாகப் படிந்திருப்பது அந்த அமிலம்தான். அங்கே பெராக்சி தனியுறுப்புகள் (இணையில்லா எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துணுக்குகள்) சங்கிலியாக வினையை ஓட்டுகின்றன. உங்கள் குடுவையில் மிச்சமிருக்கும் ஆல்கஹால் அந்தத் தனியுறுப்புகளை இடையிலேயே மறித்துவிடுகிறது. சில சதவீதம் இருந்தாலே போதும். 100% மாற்றம் வேண்டுமென்று ஆல்கஹால் தீரும்வரை ஓட்டாதீர்கள், கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.