அம்மாவின் கால்சியம் மாத்திரை மூளையைக் கெடுக்குமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. அல்சைமர், ஆரம்ப நிலை என்று சமீபத்தில் சொன்னார்கள். எலும்புத் தேய்மானத்துக்காகச் சில வருடங்களாகத் தினமும் கால்சியம் 500 மாத்திரை எடுக்கிறார், பிரஷருக்கு அம்லோடிபின். மூளைச் செல்லுக்குள் கால்சியம் கூடினால் செல் செத்துவிடும், அல்சைமருக்கு அதுதான் காரணம் என்று படித்தேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா? அம்லோடிபின் கால்சியத்தைத் தடுக்கிற மருந்தாமே, அதன் டோஸைக் கூட்டினால் நல்லதா? அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஜெல்லிமீன் புரத மாத்திரை அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா டாக்டர்?

பதில்: நிறுத்த வேண்டாம், கூட்டவும் வேண்டாம். அண்ணனிடம் அந்த மாத்திரைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆனால் நீங்கள் படித்ததில் உண்மையும் கலந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் உடம்பில் இருக்கும் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் வரை இருக்கும். ஒரு நாள் கூடுதலாகச் சாப்பிட்டாலும் குறைத்துச் சாப்பிட்டாலும் கழுத்தில் உள்ள பாராதைராய்டு சுரப்பிகளும் சிறுநீரகமும் வைட்டமின் டியும் சேர்ந்து அந்த அளவை இழுத்துப் பிடித்துவிடும். நரம்பு செல்லின் உட்புறம் வேறு உலகம். செல்லுக்கு வெளியே இருப்பதில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்கு கால்சியம்தான் உள்ளே கட்டற்றுத் திரிகிறது. வெளியே ததும்பும் ஏரி, உள்ளே வயல், நடுவில் மதகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்சைமரில் பழுதாவது மதகு. ஏரியில் நாலு குடம் கூடியதாலோ குறைந்ததாலோ அது பழுதாவதில்லை.

அந்த மதகு வேலையைச் செய்பவை புரதங்கள். நரம்பு செல்லில் கால்சியம் ஒரு செய்தி. சட்டென்று உள்ளே வர வேண்டும், வேலையை முடித்ததும் சட்டென்று அகற்றப்பட வேண்டும். வந்த செய்தியைப் படிக்கும் முக்கியமான புரதம் கால்மாடுலின். ஒரு கால்மாடுலின் நான்கு கால்சியம் அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததும் அது யாரை எழுப்புகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரிய, குறுகிய கால்சியம் அலை வந்தால் காம்-கைனேஸ் என்ற நொதி எழும்பி, இரண்டு செல்களுக்கு இடையிலான இணைப்பைப் பலப்படுத்தும். நினைவு பதிவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கால்சியம் லேசாக, நீண்ட நேரம் கூடியே இருந்தால் கால்சினியூரின் என்ற நொதி ஓங்கி, அதே இணைப்பைத் தளர்த்திவிடும். இரண்டுமே மூளைக்குத் தேவை. அல்சைமர் மூளையில் தராசு கால்சினியூரின் பக்கம் சாய்ந்துவிடுகிறது என்பதற்குப் பல ஆய்வுகளில் தடயம் கிடைத்திருக்கிறது. செல் சாவதற்கு வெகு முன்பே மறதி தொடங்கிவிடுவது ஏன் என்று புரிந்துகொள்ள இது உதவுகிறது.

கசிவு வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. செல்லுக்குள்ளேயே எண்டோபிளாச வலை என்ற கால்சியக் கிடங்கு இருக்கிறது. ரயனோடின் ஏற்பி அதன் கதவுகளில் ஒன்று. சில குடும்பங்களில் நாற்பது, ஐம்பது வயதிலேயே அல்சைமர் வருகிறது. இவர்களில் அதிகம் காணப்படுவது பிரசெனிலின்-1 மரபணுக் கோளாறு. அந்தக் கோளாறுள்ள செல்களைப் பரிசோதனைக் கூடத்தில் தூண்டினால், கிடங்கிலிருந்து கால்சியம் அளவுக்கு மீறிக் கொட்டுவதைப் பல குழுக்கள் பார்த்திருக்கின்றன. அப்புறம், கால்பைண்டின் என்று ஒரு புரதம். கூடுதல் கால்சியத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைப்பது அதன் வேலை. பார்க்கின்சன் நோயில், டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் ஒரேயடியாக எல்லாம் சாவதில்லை. கால்பைண்டின் உள்ளவை ஓரளவு தப்பிக்கின்றன. அண்ணன் சொன்ன மாத்திரைக்கான யோசனையும் இந்த மாதிரிப் புரதங்களிலிருந்து வந்ததுதான்.

கால்சியத்துக்கும் மூளை மூப்புக்கும் உள்ள தொடர்பை 1980களிலேயே சாவன் கச்சதூரியன் என்ற விஞ்ஞானி ஒரு கருதுகோளாக முன்வைத்தார். அப்படியானால் கால்சியம் செல்லுக்குள் நுழையும் வாசலை அடைத்தால் நோய் நிற்குமா? அம்லோடிபின் வகை மருந்துகள் அடைப்பது அந்த வாசலைத்தான். முயன்று பார்த்தார்கள். அம்லோடிபினின் உறவுக்கார மருந்தான நில்வடிபினை, லேசான, நடுத்தர அல்சைமர் உள்ள ஐந்நூறுக்கும் மேற்பட்டோருக்கு ஐரோப்பாவில் 18 மாதம் கொடுத்தார்கள். 2018-ல் முடிவு வந்தது: பலனில்லை. அதே வகை மருந்தான இஸ்ரடிபினை ஆரம்ப நிலை பார்க்கின்சன் உள்ள 336 பேரிடம் மூன்று வருடம் சோதித்தார்கள். 2020-ல் வந்த முடிவும் அதே. ஆகவே அம்லோடிபின் பிரஷருக்கு மட்டும்தான், பிரஷருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான். டோஸைக் கூட்டினால் கால் வீங்கும், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், விழுந்தால் இடுப்பு எலும்பு போகும். பிரஷர் கட்டுக்குள் இருப்பது மூளைக்கும் நல்லது என்பதால் நிறுத்தவும் கூடாது. இந்த வழியில் ஓரளவு கைகொடுக்கும் மருந்து மெமண்டின். என்எம்டிஏ ஏற்பி என்ற வாசலை அது பாதி சாத்திவைக்கும். நடுத்தர, முற்றிய நிலையில்தான் அதனால் பயன், அதுவும் சுமாரான பயன். அம்மா இன்னும் அந்தக் கட்டத்துக்கு வரவில்லை.

ஜெல்லிமீன் கதை சுவாரசியமானது. 1962-ல் ஒசாமு ஷிமோமுரா, ஒளிரும் ஒரு ஜெல்லிமீனிலிருந்து ஈக்வோரின் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்தார். கால்சியம் பட்டால் அது நீல ஒளி விடும். அதே ஜெல்லிமீனில் கிடைத்த பச்சை ஒளிப் புரதத்துக்காக அவருக்கு 2008-ல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. செல்லுக்குள் கால்சியத்தை அளக்க ஈக்வோரின் அருமையான கருவி. அதன் ஒரு வடிவமான அப்போஈக்வோரினை மாத்திரையில் அடைத்து, பிரெவஜென் என்ற பெயரில் ஞாபக சக்திக்கு என்று விற்கிறார்கள். வயிற்றுக்குள் போகும் எந்தப் புரதமும் பருப்பு, முட்டை மாதிரி செரித்துப்போகும். முழுசாக மூளைக்குப் போய்ச் சேராது. நிறுவனம் தானே 218 பேரிடம் 90 நாள் நடத்திய ஆய்விலும், மொத்தமாகப் பார்த்தால் மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைவிட இது மேலானதாகத் தெரியவில்லை. பிறகு சில சிறு பிரிவினரின் எண்களைத் தனியாக எடுத்து விளம்பரம் செய்தார்கள். அமெரிக்க மத்திய வணிக ஆணையமும் நியூயார்க் மாநில அரசு வழக்கறிஞரும் 2017 ஜனவரியில் வழக்குப் போட்டார்கள். ஞாபக சக்தியைக் கூட்டும் என்று சொல்லி விற்கக் கூடாது என 2024 டிசம்பரில் நீதிமன்றம் உத்தரவிட்டது. அண்ணனின் அக்கறையைக் குறை சொல்லவில்லை. அந்தப் பணத்தில் அம்மாவுக்குக் காது பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். காது சரியாகக் கேட்காவிட்டால் மறதி கூடிவிட்டது போலவே தெரியும். தேவைப்பட்டால் ஒரு நல்ல காது மெஷின் வாங்கலாம்.

இனி கால்சியம் மாத்திரை. உங்களைப் பயமுறுத்திய செய்திக்குப் பின்னால் 2016-ல் ஸ்வீடனில் வந்த ஆய்வு இருக்கலாம். 700 வயதான பெண்களில் மாத்திரை எடுத்தவர்கள் 98 பேர். அவர்களில் ஏற்கெனவே பக்கவாதம் வந்தவர்களுக்கும், மூளை ரத்தக் குழாய் பாதிப்பு இருந்தவர்களுக்கும் டிமென்ஷியா, அதாவது அல்சைமர் போன்ற மறதி நோய், அதிகம் வந்தது. இது வெறுமனே கவனித்து எழுதிய சிறிய ஆய்வு. அமெரிக்காவில் 4,143 பெண்களைச் சீட்டுக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குத் தினம் 1,000 மில்லிகிராம் கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்துப் பார்த்ததில் டிமென்ஷியா கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் இரண்டாவதைத்தான் நம்புவேன். அம்மாவுக்குப் பக்கவாதம் ஏதும் வந்திருந்தால் மட்டும் டாக்டரிடம் தனியாகப் பேசுங்கள். பால், தயிர், கேழ்வரகு நன்றாகச் சாப்பிடுகிறார் என்றால் மாத்திரையின் அளவைக் குறைக்க முடியுமா என்றும் கேட்கலாம். நூறு கிராம் கேழ்வரகிலேயே சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. தைராய்டு மாத்திரை போடுகிறவராக இருந்தால் இரண்டுக்கும் நடுவில் நான்கு மணி நேரம் விடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நான் முதலில் பார்க்க நினைப்பது: அம்மாவின் சீரம் கால்சியம், அதாவது ரத்தத்தில் உள்ள கால்சியம், கூடவே அல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவு. ரத்தத்தில் கால்சியம் நிஜமாகவே ஏறிவிட்டால் குழப்பம், மறதி, சோர்வு வரும். மலச்சிக்கல், தாகம், அடிக்கடி சிறுநீர் கூட வரும். பாராதைராய்டு சுரப்பியில் சிறு கட்டி இருந்தாலும் இப்படி ஆகலாம். நம் ஊரில் இன்னொரு காரணம் உண்டு. வாரம் ஒன்று என்று எழுதிக்கொடுத்த 60,000 யூனிட் வைட்டமின் டி பவுடரை தினமும் கரைத்துக் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். எட்டு வாரம் போதும் என்றதை எட்டு மாதமாகத் தொடர்பவர்களும் உண்டு. சரிசெய்தால் தெளியக்கூடிய மறதி இது. அல்சைமர் என்று முடிவான பிறகும், அதன் மேல் இது ஏறி உட்கார்ந்து நிலைமையை மோசமாக்கலாம்.

அடுத்த முறை போகும்போது மருந்துச் சீட்டு மட்டும் போதாது, வீட்டில் உள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். தலைசுற்றலுக்கு என்று எப்போதோ கொடுத்த சின்னாரிசின், ஃப்ளூனாரிசின் அதில் இருக்கிறதா பாருங்கள். அவையும் கால்சியம் வாசலை அடைக்கும் மருந்துகள்தான், கூடவே டோபமைனையும் தடுக்கும். வயதானவர்கள் மாதக்கணக்கில் எடுத்தால் கை நடுக்கம், நடையில் தளர்ச்சி, முகத்தில் உணர்ச்சியின்மை, மனச்சோர்வு என்று பார்க்கின்சன் மாதிரியே ஆகிவிடும். மறதிக்காக எங்களிடம் வருபவர்களின் பைகளில் இவை அடிக்கடி அகப்படுகின்றன. இருந்தால் டாக்டரிடம் காட்டி நிறுத்துங்கள். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும்.